தீப்பெட்டிப் பசையும் கும்மிப் பாட்டும்

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது மழை பொய்த்த இரண்டாவது வருஷம். பருத்திக் காடு ஈரமில்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் இறந்து வருஷம் ஒன்று ஓடியிருந்தது. நானும் ஐந்தாவது படித்த மகளும் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டித்தான் கஞ்சி குடித்தோம். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. வாய் திறந்து பேசக்கூடத் தோன்றாது.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றார்கள். டீச்சர் கும்மி பழக்குகிறார், சாயங்காலம் இருக்கச் சொன்னார் என்று மகள் வந்து நின்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் டீச்சரே வீட்டுக்கு வந்தார்.

“கும்மி அடிச்சா கஞ்சி வந்துருமா டீச்சர்? சாயங்காலம் இவளும் ஒட்டினாத்தான் எங்க அடுப்பு எரியுது” என்றேன்.

“பிள்ளைய அனுப்ப வேண்டாம். நாங்க இங்கன வாரோம்” என்றார்.

சொன்னபடியே பிள்ளைகளை என் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டார். மகள் கும்மி அடிக்க, அவள் ஒட்ட வேண்டிய பெட்டிகளை டீச்சர் உட்கார்ந்து ஒட்டினார். பாதி கோணல். எனக்குச் சிரிப்பு வந்து எத்தனையோ நாளாகியிருந்தது, அன்றைக்கு வந்தது.

நாள் முழுக்க வகுப்பில் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டு அறுந்து அறுந்து போக, பிள்ளைகள் தாளம் தப்பினார்கள். என் கை பசையில் இருக்க, வாய் தானாக அடுத்த அடியை எடுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் முளைப்பாரிக் கும்மிக்கு நான்தான் முன்பாட்டு. தாலி இறங்கிய பிறகு அந்த வட்டத்துக்குப் பக்கத்தில்கூட எங்கள் ஊரில் நிற்க விடமாட்டார்கள்.

விழாவிலும் நானே பாட வேண்டும் என்றார் டீச்சர். விஷயம் தெரிந்து என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தாலியறுத்தவ கும்மிக்குப் பாடினா ஊர் வெளங்குமா? வார மழையும் நின்னு போகும்.”

வராத மழைக்கு நான் வேறு காரணமா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பயம். முடியாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

விழாவன்று மதினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் மேடையில் வட்டமாக நின்றார்கள். டீச்சர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. முதல் தட்டுக்குத் தூக்கிய கையோடு என் மகள் என்னையே பார்த்தாள்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே பாடியிருக்கலாம்; ஏன் எழுந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. “ஏட்டி, உக்காரு” என்று மதினி முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுக்க இழுக்கப் பாடினேன். பாதிப் பாட்டில் பார்த்தால் பிடி விட்டிருந்தது.

மறுநாள் விடிந்தால் அதே பசை, அதே பெட்டி. மழையும் வரவில்லை, மதினி அதற்கு என்னைத்தான் சொன்னார். கோயில் கும்மியில் கடைசிவரை என்னைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூட விழாவுக்கு மட்டும் வருஷா வருஷம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

இப்போது பேத்தியின் பள்ளியில் பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்திலும் கணக்கு நடத்துகிறார்களாம். கணக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஊர் உட்கார வைத்த என்னை அன்றைக்கு எழுப்பி நிறுத்தியது ஒரு கும்மி வகுப்புதான் என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.