பெட்டி பார்க்கிற பாட்டு

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மா எங்கள் கதவைத் தட்டி, "ஐ ஆம் ஸோ சொறி" என்றார். கையில் ஒரு கப்பும் பீரிசும் இருந்தன. தன்னுடைய அலுமாரியில் கப்புகள் எல்லாம் தாமாகவே ஆடுகின்றன என்றும், அதற்காகத் தான் மிகவும் வருந்துவதாகவும் சொன்னார். வயதான மனிசி, தன் வீட்டுக் கப்புகளின் சத்தம் எங்களுக்குக் கேட்டுவிட்டதோ என்று மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் பெரிய மனது பண்ணி, "நோ புறொப்ளம், நோ புறொப்ளம், எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்று மன்னித்து அனுப்பினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து, கதவு திறக்கக் குறைத்த சத்தத்தைப் பழைய இடத்துக்கே கூட்டிவைத்தேன்.

குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சுதாதான் எனக்கு இந்த நாட்டை விளங்கப்படுத்தினாள். "இஞ்சாருங்கோ, அந்த மனிசி உங்களிலை பிழை சொல்ல வந்தது. நீங்கள் அதுக்குப் பொதுமன்னிப்பு வழங்கி அனுப்பியிருக்கிறியள்."

இங்கே முறைப்பாடு மன்னிப்பு உடுத்துக்கொண்டு வரும். எங்கள் ஊர் கோப்பாயில் அது வேலிக்கு மேலால் வரும். வரும்போது எங்கள் பரம்பரையையும் கூட்டிக்கொண்டு வரும். அதில் ஒரு வசதி, யாரில் பிழை என்று சந்தேகமே வராது. இங்கே வந்து இத்தனை வருடமாகியும், ஒருவர் சொறி சொன்னால் அவரில் பிழையா என்னில் பிழையா என்று நான் இன்னும் ஒருக்கால் நின்று யோசிக்கிறேன்.

கப்புகளை ஆட்டியது என்னுடைய இசை. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், டப்ஸ்டெப் என்று ஒன்று இருக்கிறது. பாட்டில்லாத பாட்டு. காதை விட வயிற்றுக்குத்தான் கூடக் கேட்கும். மெல்ல மெல்ல ஏறும், ஏறி ஒரு இடத்தில் எல்லாம் நின்றுவிடும், மூச்சுவிடுகிற அளவுக்கு வெறுமை, பிறகு அடித்தொனி நிலத்துக்குள்ளால் வந்து விழும். அந்த விழுகையை இவர்கள் டிறொப் என்பார்கள். இந்த இசை பிறந்தது நான் குடியிருக்கிற குறொய்டனில்தான். அதைத் தெரிந்துகொண்டு நான் இங்கே வரவில்லை. வாடகை குறைவு என்று வந்தேன். நான் வேலை செய்கிற பெற்றோல் செட்டுக்கு இளம் பெடியன்கள் காரில் வருவார்கள். கார் நிற்க முதலே என் கவுண்டரில் இருக்கிற சுவிங்கம் பெட்டி நடுங்கத் தொடங்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நடுக்கம் எங்கேயோ பழகியதுபோல இருந்தது. நாற்பது வயதுக்குப் பிறகு, வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பழைய கணினியில் நானே செய்யப் பழகினேன். குருவும் இல்லை, தட்சணையும் இல்லை, திருத்த ஆளும் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் பிரச்சினை.

பழகிய நடுக்கம் எது என்று பிறகு பிடிபட்டது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசின். அக்காவிடம் சொல்லி, அவர்கள் வீட்டுக் கிணற்றடி மிசினைப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். இசைக்கு என்றேன். "லண்டனிலை இசைக்கும் தட்டுப்பாடோ?" என்றாள், ஆனால் அனுப்பினாள். மிசின் இருமுகிறது, பிடிக்கிறது, தண்ணி குழாய்க்குள் ஏறுகிறது, ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு வாய்க்காலில் கொட்டுகிறது. டிறொப் என்பதே அதுதானே! சின்ன வயதில் அந்த ஒரு கணத்தில் நான் வாழை மரத்தோடு சாய்ந்து நித்திரையாகி, தண்ணி பக்கத்துக் காணிக்குப் பாய்ந்து, ஐயாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். அதையெல்லாம் கலை என்று எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு 'இறைப்பு' என்று பெயரும் சூட்டிக்கொண்டேன். முதல் பாட்டை அக்காவுக்கு அனுப்பினால், அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதே எழும்பிப் போய் ஆர் மிசினை நிப்பாட்டாமல் விட்டது என்று பார்த்திருக்கிறாள். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

புதுப் பாட்டு வரும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் போடுவேன். ஆரம்பத்தில் விலை வைத்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு இலவசம், விரும்பியவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டேன். சும்மா கொடுத்தும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சும்மா கொடுத்தால் எங்கேயோ பழுது இருக்கிறது என்ற எண்ணம். வெள்ளைக்காரப் பெடியன்களுக்கு இலவசமாகவே ஆயிரம் கிடக்கிறது. நான் மட்டும் 'புதிய வெளியீடு' என்று எழுதி, கீழே என் பாட்டை நானே ஒருக்கால் இறக்கி, கணக்கைத் தொடக்கிவைப்பேன். கோயிலில் முதல் தேங்காயை ஐயரே உடைப்பதுபோல.

இந்த நிலைமையில்தான் அறைப் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு படுக்கை அறையும், கட்டில் ஒன்று போட்டால் கதவு முழுக்கத் திறக்க முடியாத ஒரு சின்ன அறையும் உண்டு. அந்தச் சின்ன அறையில் என் ஸ்பீக்கர் இரண்டும் நானும் இருந்தோம். மகள் அபி ஹோலில் செற்றியில் படுத்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், கதவுள்ள இடம் வேண்டும் என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த அறையும் போனால் நான் பெற்றோல் செட்டில் நிற்கிற ஆள் மட்டும்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கலை, ரசிகர்கள் என்று ஏதோ கதைத்தேன். சுதா குருநகர்ப் பெட்டை. கடற்கரையில் மீன் ஏலம் கேட்டு வளர்ந்தவள், வளவளவென்று கதைக்கமாட்டாள்.

"ஒரு ஆள்," என்றாள். "முதலிலையிருந்து முடிவு வரைக்கும் உங்கடை பாட்டைக் கேட்ட ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கோ. அறை உங்களுக்கு. நானும் பிள்ளையும் சேத்தியில்லை, வேறை வழியில்லாமல் கேக்கிற ஆக்கள் நாங்கள்."

அடுத்த கிழமை என் பக்கத்தைத் திறந்து பார்த்தால், யார் எந்த ஊரில் இருந்து இறக்கினார்கள் என்று காட்டுகிற இடத்தில் கொடிகாமம் என்று இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதை ஆர் இறக்குவது, பிழையாக்கும் என்று விட்டேன். பிறகு மறுபடியும் கொடிகாமம். பிறகு பருத்தித்துறை. ஒரே பாட்டு, அந்த மிசின் பாட்டு. கொடிகாமம் மட்டும் மாதத்தில் பலமுறை இறக்குகிறது. எனக்கு மண்டைக்குள் படம் ஓடியது. தென்மராட்சியின் தென்னங்காணிகளுக்குள் இளைஞர்கள் கூடி, கண்ணை மூடி, தலையை ஆட்டி, என்னுடைய அடித்தொனியில் கரைகிறார்கள். அந்தக் கோடைவிடுமுறைக்கு எப்படியும் ஊருக்குப் போவதாக இருந்தோம். மார்பில் 'இறைப்பு' என்று எழுதிய ரீ சேர்ட்டுகள் அடித்து ஒரு சூட்கேசில் அடுக்கினேன், ரசிகர்களுக்குக் கொடுக்க. சுதா அந்த நிறைக்குப் பால்மாவும் சொக்கிலேற்றும் கொண்டுபோயிருக்கலாம் என்றாள்.

கோப்பாய்க்கு வந்த மறுநாளே அத்தானின் மோட்டார்சைக்கிளில் கொடிகாமம் போனேன். எங்கே போய் யாரைக் கேட்பது என்று திட்டம் ஒன்றும் இல்லை. சந்தைக்குள் நின்று 'டப்ஸ்டெப் ரசிகர்கள் எங்கை இருக்கினம்' என்று கேட்கவா முடியும்? ஆனால் கேட்கத் தேவை வரவில்லை. சந்தை தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினேன், என் பாட்டுக் கேட்டது.

பொய் இல்லை. மிசின் இருமியது. பிடித்தது. பனைகளுக்கு இடையால், வெயிலுக்குள்ளால், என் சின்ன அறையில் நான் செய்த ஒவ்வொரு துண்டும் ஒழுங்காக வந்தது. நான் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். அது ஏறியது, நின்றது, அந்த வெறுமை வந்தது, விழுந்தது. வேலிக் கதியால்கூட அதிர்ந்தது. நான் கண்ணை மூடினேன். நல்ல இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பாட்டு நின்றுவிட்டது.

மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. ஏறியது, விழுந்தது, நின்றது. சத்தம் வந்த பக்கம் போனால் ஒரு கோயில் வீதி. கொடி ஏறுகிற நாள். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் ஒவ்வொரு ஸ்பீக்கர்ப் பெட்டியாகப் போய், பாட்டுப் போட்டு, டிறொப் விழும்போது பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு நிறுத்தினார். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பெட்டி பாத்திட்டான், இனி எழும்பு, தொடங்கப் போறாங்கள்," என்று சொல்லி மடியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். வேறு சிலரும் எழும்பினார்கள். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க என் பாட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது முடிந்தால்தான் விசயம் தொடங்கும் என்று தெரிந்திருந்தது.

அவருக்குப் பெயர் ராசன். சவுண்ட் ராசன் என்றால் யாரும் காட்டுவார்களாம். அவருக்கும் எனக்கும் ஒரே வயதிருக்கும். ஆனால் அவர் என்னை அண்ணை என்றார், நான் அவரை அண்ணை என்றேன், இளமையை விட்டுக்கொடுக்க இரண்டுபேருக்கும் மனமில்லை. பாட்டுச் செய்தது நான்தான் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெட்டி சோதிக்க நல்ல சாமான் ஒன்று தேடி இணையத்தில் அலைந்தபோது இது இலவசமாக அகப்பட்டதாம். பருத்தித்துறையில் இதே தொழில் செய்கிற சகலனுக்கும் சொல்லியிருக்கிறார். ஏன் திரும்பத் திரும்ப இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். பென் ட்றைவ் தொலைந்துபோகிறதாம். தொலைகிற ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குவாராம். அதாவது என்னுடைய கொடிகாமம் ரசிகர் பட்டாளம் என்பது ஒரு மனிதரும் அவருடைய ஓட்டைப் பொக்கற்றும்.

அறை கண்முன் வந்தது. கடைசி நம்பிக்கையாக, எப்போதாவது முழுக்கக் கேட்டிருக்கிறீர்களா, முடிவு வரைக்கும், என்று கேட்டேன்.

ராசன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அதுக்கு முடிவும் இருக்கே, அண்ணை?"

அதோடு விடவில்லை. இவ்வளவு தூரம் வந்த நீங்கள் ஒரு உதவி செய்ய வேணும் என்றார். டிறொப்போடு வெட்டி, பின்னுக்கு இருக்கிறதை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் தன்னுடைய சவுண்ட் சேவிசின் பெயரையும் ஒருக்கால் சொல்லவேண்டுமாம், கொஞ்சம் எதிரொலியோடு. நான் கலைஞனுக்குரிய கோபத்தோடு திரும்பி வந்தேன். அக்கா வீட்டு அறையில், நெல்லு மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் மடிகணினியைத் திறந்தேன். வெட்டத் தொடங்கினால், ஒவ்வொன்றாகப் போகிறது, போனது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. மிசின் இருமி, பிடித்து, தண்ணி ஏறி, கொட்டுகிற இடம் மட்டும் மிஞ்சியது. நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. பின்னால் இருந்ததெல்லாம் குறொய்டன் பெடியன்கள் மதிக்கவேண்டும் என்று ஏற்றிவைத்த பாரம். ராசனின் பெயரை நானே சொன்னேன், எதிரொலியோடு. ரீ சேர்ட்டுகளையும் அவரிடமே கொடுத்தேன். அவரும் வேலையாட்களும் அதைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு தோட்டக்காரர் தண்ணி இறைக்க எங்கடை காணிக்கு எப்ப வருவியள் என்று கேட்டாராம்.

என் புதிய வெளியீடு பக்கத்துக் கோயில் கொடியேற்றத்தில் ஒலித்தது. அரை நிமிடம். சனம் இருந்தது, கேட்டது, முடிந்ததும் எழும்பியது. நான் வீடியோ எடுத்து, குருநகரில் தாய்வீட்டில் நின்ற சுதாவுக்கு அனுப்பினேன். ஒரு ஆள் கேட்டாய், இந்தா ஒரு ஊரே முதலில் இருந்து முடிவு வரைக்கும் கேட்டிருக்கிறது என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "அரை நிமிசத்தை மாடும் முழுக்கக் கேக்கும். பின்னாலை நிக்கிறதைப் பாருங்கோ."

பார்த்தேன். வேலியோரம் ஒரு மாடு நின்றது. அசைபோடுவதைக்கூட நிறுத்தியிருந்தது.

அறை அபிக்குப் போனது. சுவருக்கு மஞ்சள் அடித்துக் கொடுத்ததும் நான்தான். கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கிறது, ஆனால் அவள் அதைப் பூட்டலாம், அதுதான் அவளுக்கு வேண்டியது. ஸ்பீக்கர் இரண்டும் படிக்குக் கீழே, குப்பை உறிஞ்சுகிற மிசினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நான் இப்போது குசினி மேசையில் ஹெட்போனோடு இருந்து செய்கிறேன். சில கிழமைக்குப் பிறகு மார்கரெட் அம்மா மறுபடி கதவைத் தட்டி சொறி சொன்னார். நான் இந்த முறை உசாராக, நானும் சொறி, நானும் சொறி என்று முந்திக்கொண்டேன். அவர் வந்தது, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, சத்தத்தையே காணோம் என்று விசாரிக்கவாம். ஒரு கேக்கும் கொண்டுவந்திருந்தார். இந்த நாடு எனக்கு ஒருநாளும் சரியாகப் பிடிபடாது.

போன ஞாயிறு மத்தியானம் அக்கா வாட்ஸ்அப்பில் அழைத்தாள். அங்கே பின்னேரம். கோப்பாயில் எங்கள் கோயிலுக்கும் இந்த வருடம் ராசன்தான் சவுண்டாம். "தம்பி, பெட்டி பாக்கிறான், உன்ரை பாட்டு, இந்தா கேள்," என்று சொல்லிப் போனை யன்னலுக்கு வெளியே நீட்டினாள். நான் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, குனிந்தேன். சுதாவும் அடுப்பை நூர்த்துவிட்டு வந்து நின்றாள்.

போனுக்குள்ளால் அடித்தொனி வராது. எனக்கு அது தெரியும், தெரிந்துகொண்டுதான் குனிந்தேன். வந்தது டிக், டிக், டிக் என்று மேலால் போகிற மெல்லிய சத்தம் மட்டும், தகரத்தில் யாரோ விரலால் தட்டுவதுபோல. தண்ணி ஏறுகிற இடம் வந்திருக்கவேண்டும் என்று நானே மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். பிறகு எதிரொலியோடு என் குரல், ராசனின் சவுண்ட் சேவிஸ் என்று.

"ஐயோ, எங்கடை அலுமாரியிலை கப்பெல்லாம் ஆடுதடா," என்று அக்கா சிரித்தாள். "உனக்கும் கேக்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன். "நல்லாக் கேக்குது."

போனுக்குப் பக்கத்தில் என் தேத்தண்ணிக் கப் இருந்தது. அதற்குள் பார்த்தேன். ஆடை கட்டத் தொடங்கியிருந்தது, அசையவில்லை.