முந்தானையில் முடிந்த மாத்திரை

உத்திரமேரூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கால் நகங்களில் நாற்றுச் சேறு காய்ந்திருந்தது. கையிலிருந்த பன்னைத் தின்றுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

“நீர்க்கட்டிக்குக் குடுத்த சக்கர மாத்திரக்கா. மாமியா பாத்தா சக்கர வியாதிக்காரின்னு பேஜார் பண்ணும். அதான் வூட்ல சத்து மாத்திர டப்பாவுல கொட்டி வெச்சிகீறேன்.”

எனக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி; அதே மாத்திரைதான் போடுகிறேன். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

“சத்துன்னு நம்பி மாமியாளும் தெனம் முழுங்குது. நாத்தனார் கொயந்த சரியா சாப்புடலன்னு இன்னிக்கு அதுக்கும் குடுக்கப் போவுதாம்!” கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ, குழந்தைக்கா? உடனே போன் பண்ணிச் சொல்லும்மா!” என்று கத்திவிட்டேன்.

சிரிப்பு நின்றது. போனை எடுத்தவள் நம்பரை அழுத்தவில்லை.

“சொன்னா என்னிய வூட்ட வுட்டே தொரத்திடுமேக்கா.”

பிறகு அழுத்தினாள், சொன்னாள், குழந்தை தப்பித்தது. ஆனால் அவள் யோசித்தாளே, அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.