உஸ்தா வஹ்தானின் பகல் சாப்பாடு

கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு முறை நறுக்கிவிட்டு, முடிதிருத்தும் உஸ்தா வஹ்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மீன் ஏலக்காரர், எதிர்வீட்டு மாடிப் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஏன் ஓடிப்போனான் என்று மறுபடியும் கேட்டார். வஹ்தானுக்கு அந்தக் கதை அடி முதல் நுனி வரை அத்துப்படி. ஓடுவதற்கு முந்தின நாள் அவனுக்கு முடி வெட்டிவிட்டதே அவர்தான். நாக்கு துறுதுறுத்தது. "ரமலான்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏலக்காரரின் தலையைப் பிடித்து முன்பக்கம் சாய்த்தார்.

மற்ற மாதங்களில் அலெக்சாந்திரியாவின் அந்த மீனவர் தெருவில் யாரும் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவதில்லை. வஹ்தானிடம் முகம் மழித்துக்கொள்வார்கள், அது போதும். ரமலான் பிறை தெரிந்துவிட்டால் கடை ஊமையாகிவிடும். நோன்பு வைத்துக்கொண்டு புறம் பேசுகிறவனுக்கு மிஞ்சுவது பசியும் தாகமும்தான் என்று அவர் உறுதியாக நம்புகிறார். பட்டினி கிடப்பது அவருக்கு என்றைக்குமே பெரிய காரியமாக இருந்ததில்லை. பேசாமல் இருப்பதுதான் உயிரை வாங்கும். மூன்றாவது வாரம் வருவதற்குள் மனிதர் இளைத்துப்போவார். அது சாப்பாடு இல்லாததால் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

புறம்தான் பேசமாட்டாரே தவிர, நோன்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் ஆளாளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். கத்தி கீறி ஒரு துளி ரத்தம் வந்தால் நோன்பு முறியுமா, கொலோன் வாசனை மூக்கில் ஏறினால் முறியுமா, சோப்பு நுரை உதட்டில் பட்டால் என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாது. விழுங்காம இருந்தாச் சரி. நுரை என்ன பஸ்பூசா இனிப்பா, நக்கிப் பார்க்குறதுக்கு?"

"மறந்துபோய்ச் சாப்பிட்டுட்டா உஸ்தா?"

"ஒரு கோழியே தின்னிருந்தாலும் நோன்பு நோன்புதான். அல்லாஹ் ஊட்டினதுன்னு வச்சுக்க. ஞாபகம் வந்ததும் நிறுத்திடணும், அவ்வளவுதான். கோழி முடியுற வரைக்கும் ஞாபகத்தைத் தள்ளிப்போடக் கூடாது."

இப்படியெல்லாம் பேசுகிறவர் இந்த வருடம் நோன்பு வைக்கவில்லை. தெருவில் யாருக்கும் அது தெரியாது.

சர்க்கரை வியாதி முற்றி, ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். நோன்பின் பேச்சையே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வஹ்தான் நேராகப் பள்ளிவாசல் இமாமிடம் போனார், அவராவது டாக்டரை வெட்டிப் பேசுவார் என்ற நம்பிக்கையில். இமாம் டாக்டரைவிடக் கறாராக இருந்தார். உடம்பைக் கெடுத்துக்கொள்வது இறைவணக்கமாகாது, தீராத நோய்க்காரர் விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும், போய்ச் செய் என்று அனுப்பிவைத்தார். அதனால் தினமும் நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்துக்கு முன்னால், ட்ராம் கொட்டகைக் காவலாளிக்கு மூடிபோட்ட தட்டு ஒன்று சூடாகப் போகிறது. முதல் நாள் தட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், "என் நோன்பைத்தான் அந்த ஆளு உட்கார்ந்து சாப்பிடுறான், இன்ஷிராஹ்" என்று மனைவியிடம் சொல்லிச் சிறுபிள்ளையாட்டம் அழுதார். பல் விழுந்து முளைக்கிற வயதில் தொடங்கியது அவருடைய நோன்பு. ராணுவத்தில் இருந்தபோதுகூட அதை விட்டதில்லை.

டாக்டர் தடுத்தது வயிற்றை மட்டும்தான், நாக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்பது வஹ்தானின் வாதம். ஆகவே வாய்க்கட்டு இந்த வருடமும் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. போன வருடம்வரை யாராவது வம்புக்கு இழுத்தால், "நான் நோன்பாளிப்பா" என்று சொல்லித் தப்பித்துவிடுவார். ரமலானில் எல்லோரும் சொல்வதுதான். இந்த வருடம் அதைச் சொன்னால் பொய். நோன்பை விட்டதற்கு மன்னிப்பு உண்டு, ரமலான் பகலில் பொய் சொல்வதற்கு எங்கே போவது? அதனால்தான் "ரமலான்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ரமலான் என்பது உண்மைதானே. "நோன்பு எப்படிப் போகுது?" என்று யாராவது நலம் விசாரித்தால், "எல்லார் நோன்பையும் அல்லாஹ் ஏத்துக்கணும்" என்று ஊருக்கே துஆ செய்துவிட்டுக் கத்தியைத் தீட்டத் திரும்பிவிடுவார்.

சாப்பாடு நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. பள்ளிவாசலிலிருந்து மற்றவர்களுக்கு முன்னால் விறுவிறுவென்று வந்து, ஷட்டரைப் பாதிவரை இறக்கி, துண்டுகள் காய்கிற திரைக்குப் பின்னால் நின்றபடி சாப்பிடுவார். ஃபலாஃபல் கூடாது, வாசனை தெருவைக் கூட்டிவிடும். வெங்காயம் கூடவே கூடாது. வெள்ளரிக்காய் கடிக்கும்போது சத்தம் வரும் என்று அதையும் தள்ளிவைத்துவிட்டார். ரொட்டியும் வெள்ளைச் சீஸும்தான். நோயாளி பகலில் சாப்பிடுவதில் குற்றமில்லை, பசித்திருப்பவர்கள் பார்க்கச் சாப்பிடுவதுதான் மரியாதைக் குறைவு என்று மனைவியிடம் சொல்வார். அது பாதி உண்மை. தெரு தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிடுமோ என்ற பயம்தான் மீதி.

பயத்துக்கு ஒரு பெயரும் உண்டு, மஹ்ரூஸ். பக்கத்துக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மற்ற நாட்களில் வாயில் தண்ணீரை நிரப்பிச் சட்டை மேல் புஸ்ஸென்று ஊதித்தான் தேய்ப்பார். ரமலானில் மட்டும் பிளாஸ்டிக் பீச்சாங்குழல். ஓய்ந்துபோன அந்த வாய்க்கு வேறு வேலை வேண்டியிருந்தது. "உஸ்தா, இந்த வருஷம் உங்க வாயிலேருந்து 'நோன்பாளி'ங்கிற வார்த்தையே வரலையே" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டுவைத்தார். அன்று வஹ்தான் ஷட்டரை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிவிட்டுத்தான் ரொட்டியைப் பிரித்தார். மஹ்ரூஸுக்குத் தெரிந்தால் துறைமுகம்வரை தெரிந்த மாதிரிதான்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. லுஹர் முடிந்து வரும்போதே மஹ்ரூஸ் கூடவே வந்து, இஸ்திரிச் சூடு தாங்கவில்லை என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டார். மீன் ஏலக்காரரும் வந்து சேர்ந்தார். ரொட்டி திரைக்குப் பின்னால் பிரிக்கப்படாமலே கிடந்தது. பிற்பகல் அஸர் தொழுகை நெருங்கும் நேரத்தில் ட்ராம் ஓட்டும் சலாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வஹ்தானும் அவரும் பழைய சிநேகிதர்கள். ரமலானுக்கு முன்னால் அதே சர்க்கரை டாக்டரின் வாசலில், அதே பெஞ்சின் இரண்டு ஓரங்களில், ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தவர்கள்.

பாதி முகத்தில் நுரை போட்டதும் சலாமாவின் கழுத்து வியர்த்து ஊற்றியது. விரல்கள் உதறின. என்ன கேட்டாலும் வாய் குழறியது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வஹ்தானுக்குப் புரிந்துவிட்டது. இந்த உதறல் அவர் உடம்புக்கும் வந்து போனதுதான். கத்தியை எறிந்துவிட்டு, டீக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கி நீட்டினார்.

சலாமா பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நோன்பு உஸ்தா."

"உன்னை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. வச்சிருந்தாலும் இப்ப முறிச்சே ஆகணும். குடிப்பா."

"ஆளுங்க பார்க்குறாங்க."

மஹ்ரூஸ் பதறி எழுந்து, ஷட்டரை இறக்கட்டுமா என்று கேட்டார். ஏலக்காரர் சலாமாவின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். வாசலில் போகிறவர்கள் இரண்டு பேர் நின்று எட்டிப்பார்த்தார்கள். சலாமாவின் பார்வை ஒருபக்கம் சரிந்தது. ஆனாலும் உதட்டைத் திறக்கவில்லை.

"அதே வியாதிதானே உங்களுக்கும்" என்று அவர் முனகினார். "நீங்க வைக்கலியா? நான் மட்டும் என்ன, பொம்பளப் பிள்ளையா?"

 தான் ஒளித்தது இவனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று வஹ்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளரைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ரொட்டி இருந்தது. ஷட்டரைத் தொடாதே என்று மஹ்ரூஸுக்குச் சைகை காட்டினார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, சலாமா பார்க்க, பெஞ்சில் இருந்தவர்கள் பார்க்க, வாசலில் நின்ற தெரு பார்க்க, ரொட்டியை ஒரு பெரிய கடி கடித்தார். அவசரமே இல்லாமல் மென்றார். கன்னம் புடைக்க, மீசையில் ஒட்டிய சீஸைக்கூடத் துடைக்காமல், மறு கையால் டம்ளரை எடுத்துச் சலாமாவின் உதட்டில் வைத்தார்.