பூஜைக்கு மட்டும் மாட்டிய கார்டு

கசார்வாடியில் எங்கள் பட்டறையில், கையில் பிடித்துக் குழாய் வெட்டும் கட்டரின் கார்டு, அதாவது வெட்டும் சக்கரத்தை மூடும் தகடு, வருடம் முழுக்க மூலையில் கிடக்கும். வெட்டும் இடத்தை மறைக்கிறதாம், கூட்டாளி சொல்வார். தசரா ஆயுத பூஜைக்கு மட்டும் மாட்டுவோம். செண்டுமல்லி மாலை தொங்க ஏதாவது வேண்டுமே!

அந்த வருடம் தசராவுக்கு முந்தின வாரம், குழாயின் இரு முனைக்கும் கட்டை கொடுத்து நடுவில் வெட்டினேன். குழாய் தொய்ந்து சக்கரத்தை நெரித்தது. மெஷின் எகிறி என் தாடையைக் கிழித்தது.

பூஜைக்கு மறுநாள் கூட்டாளி ஸ்பானரோடு வந்தார்.

"பூஜா ஹோ கயா, முடிஞ்சுதே, கார்டைக் கழட்டிடலாமா?"

"மாலையைக் கழட்டுங்க. கார்டு மேல கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

தையல் போட்ட தாடை அதற்குமேல் பேச விடவில்லை. ஸ்பானரைப் பிடுங்கி, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.