மேஜர் வீட்டுக் கொல்லையில் மண் கொத்தியது

பிறர் வீட்டுக் கொல்லையைக் கொத்திப் பிழைப்பவனுக்கு முதுகுவலி கூலியோடு சேர்ந்து வரும். ஹைதராபாத் சரளை மண்ணில் கடப்பாரை போட்டுக் கை மரத்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கடப்பாரை மணி

மாதாப்பூரில் பாறைக்கு வெடி வைத்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம். பாலாநகர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, கையால் தள்ளி உழுகிற குட்டி பவர் டில்லர் ஒன்றோடு தொழிலில் இறங்கியிருந்தேன். சைனிக்புரியில் ரிட்டயர்ட் மேஜர் ஒருவர் வீட்டில் குடியிருந்த சித்ரா கூப்பிட்டாள். தஞ்சாவூர்ப் பெண், சாஃப்ட்வேர் வேலை. கொல்லையில் ரசாயனம் படாத காய்கறி போட அவளுக்குக் கொள்ளை ஆசை. மேஜருக்கோ அங்கே சிமெண்ட் பூசிக் கார் நிறுத்த வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு வேளைக் குழம்புக்காவது விளைந்தால் தோட்டம், இல்லையென்றால் சிமெண்ட் என்று சொல்லிவிட்டார்.

மே மாத வெயிலில் கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். எழுந்த ஓசையைச் சாப்பாட்டு மணி என்று நினைத்து, போலாரம் ராணுவ முகாமில் சிப்பாய்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். டில்லரின் பல் உடைந்தது. சித்ரா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “அங்கிள், இது மண்ணா, மேஜர் மனசா?”

பரேடு மைதானம்

முதல் மழைக்குப் பின் காத்திருந்தேன். பிடித்தால் கொழுக்கட்டை, தொட்டால் புட்டு; மண் அந்தப் பக்குவத்துக்கு வந்ததும் தொழுவுரம் கலந்து உழுதேன். அதில் இறங்கிய பூனையை மீசை தெரிந்துதான் கண்டுபிடித்தோம்.

மறுநாள் போனால் கொல்லை பளிங்குத் தரை. ரோலர் உருட்டி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தார் மேஜர். நீலகிரி வெலிங்டன் ராணுவ முகாமில் கற்ற தமிழில் பெருமையாகச் சொன்னார்: “மேடும் பள்ளமுமா விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் ஒழுங்கு பண்ணிட்டேன்.”

முள்ளங்கிப் படை

மறுபடி டில்லரைக் கிளப்பினேன். சித்ரா தடுத்துவிட்டாள். திரும்பத் திரும்ப உழுதால் மண் மாவாகிவிடும், புழு செத்துப்போகும் என்றாள். கம்பியால் குழி குத்தி முள்ளங்கி விதை போட்டு, மேலே சருகு பரப்பினாள். மீதியை வேர் தோண்டிக்கொள்ளுமாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மழை ஓய்கிற சமயத்தில் மேஜரே ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். அது வந்த வேகத்தில் இருவரும் மல்லாந்தோம். குழிக்குள் என் கை முழங்கை வரை போனது. விரலில் மண்புழு நெளிந்தது. மேஜர் குனிந்து, குழியை வெகுநேரம் பார்த்தார்.

“டிரெஞ்ச் நல்லா வெட்டியிருக்கு. சிமெண்ட் நக்கோ, வேண்டாம்.”

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் டில்லரை வீட்டில் விட்டுவிட்டு முள்ளங்கி விதையோடுதான் போகிறேன், கூலி மட்டும் டில்லருக்கு வாங்கியதேதான்.