மேலே ஏறிய சைக்கிள் சீட்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளை வாங்கினாலும் அதோடு வரும் விளக்கத் தாளை முதலில் கசக்கி எறிந்துவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து அதைத் தேடுவார்கள். எனக்குப் பத்து வயதில் வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்கும் அதுதான் நடந்தது.

அப்போது நாங்கள் சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவும், எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பியும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே கார். காலை ஆறு மணிக்கு இருவரும் அதில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். என்னைப் பள்ளி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அம்மா வீட்டில் இருப்பார். இதை மூன்றே சொல்லில் எழுதிவிட்டேன். அன்றைக்கும் அதை அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் நினைத்திருந்தேன்.

மாலையில் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோரும் திடலைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவார்கள். சைக்கிள் இல்லாத ஒரே ஆள் நான். பின்னாலேயே ஓடுவேன். இரண்டு சுற்றுக்கு மேல் மூச்சு வாங்கும். நின்று பார்த்தால் அவர்கள் எதிர்ப்பக்கம் போயிருப்பார்கள். நான்கு மாதம் அழுது, சாப்பிடாமல் அடம் பிடித்து, கடைசியில் காய்ச்சல் வந்த மாதிரிப் படுத்தும் பார்த்தேன். அப்பா இறங்கி வந்தார்.

பேரங்காடியில் பாகங்களைப் பூட்டி நிறுத்தியிருந்த சைக்கிளைவிடப் பெட்டியில் இருந்தது மலிவு. பூட்டித் தரவா என்று கேட்ட பையனை அப்பா ஒரு பார்வை பார்த்தார். "நாங்க ஃபேக்டரியில மெஷினையே பூட்டுறோம். இது ஒரு சைக்கிள்தானேலா," என்றார். கியர் எதுவும் இல்லாத, முன்னால் கூடை வைத்த, ஊதா நிறச் சைக்கிள். என் உயரத்துக்கு ஓர் அளவு பெரியது. வளர்கிற பிள்ளை என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து வேலை தொடங்கியது. அப்பா ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார். விளக்கத் தாள் பந்தாகிக் குப்பைக் கூடைக்குப் போனது. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை. முதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டைப் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டிவிட்டார்கள். ஹேண்டலைத் திருப்பினால் சக்கரம் பெடலில் போய் இடித்தது. இது மலிவுச் சைக்கிள், அளவு சரியில்லை என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"ஏங்க, அது வளைவு முன்னாடி பாத்துல்ல இருக்கணும்? திருப்பி மாட்டியிருக்கீங்க."

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழற்றித் திருப்பி மாட்டினார்கள். சரியாக இருந்தது.

அடுத்தது இடது பெடல். மாமா அதை வைத்து மல்லுக்கட்டினார். நரம்பு புடைக்க முறுக்கியும் அது உள்ளே போகவில்லை.

"தம்பி, இடது பக்கப் பெடல எதிர்ப்பக்கமா திருகணும். வலதுக்கும் இடதுக்கும் ஒரே மாதிரி வராது."

"அக்கா, நீங்க போய் சாம்பாரைப் பாருங்க லா. அடி பிடிக்கிற வாசம் வருது."

சாம்பார் அடி பிடிக்கவில்லை. அம்மா உள்ளே போனதும் மாமா பெடலை எதிர்ப்பக்கமாகத் திருகினார். அது வெண்ணெயில் கத்தி போவது போல் உள்ளே போனது. "பாத்தீங்களா மச்சான், பொறுமையா செஞ்சா எல்லாம் வரும்," என்றார். இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கும் ஆயிரம் விஷயங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சைக்கிள் எழுந்து நின்றது. புதுக்காருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தாக வேண்டும் என்றார் அப்பா. ஹேண்டலுக்குத் திருநீற்றுப் பட்டை, கூடைக்குச் செம்பருத்தி, இரண்டு டயருக்கும் கீழே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். மாமா பக்தி முற்றிச் சக்கரத்தின் விளிம்பு முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்தார். நான் ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வாசலைத் தாண்டி, பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கவில்லை. சந்தனம் வழுக்கி, சைக்கிள் நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் நின்றது. தெருவே சிரித்தது. மாமா விளிம்பைத் துடைத்துவிட்டு, சாமி பிரேக்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறது என்றார்.

அப்போதுதான் அம்மா கேட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே, அரைச் சிரிப்போடு, "நான் ஒரு ரவுண்டு போய்ப் பாக்கட்டுமா?"

மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "விழுந்து கால ஒடிச்சிக்கிட்டா நாங்க எல்லாம் கடையில சாப்பிடணும் அக்கா!" அப்பாவும் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்புதான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான். "அம்மா சைக்கிள் ஓட்டுவாங்களாம்!" என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, நசுங்கிய எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சீட்டை என் உயரத்துக்கு ஏற்ப நன்றாக இறக்கி வைத்தார்கள். உட்கார்ந்தால் என் இரண்டு கால் விரல்களும் தரையைத் தொடும். அதுதான் என் தைரியம். சீட்டைப் பிடித்திருக்கும் வளையத்தில் கையாலேயே மடக்கித் திறக்கும் ஒரு பிடி இருந்தது. ஸ்பேனர் தேவையில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பள்ளி விட்டு வந்து சைக்கிளில் ஏறினேன். கால் தரையில் எட்டவில்லை. சீட் மேலே இருந்தது. அப்பா வந்ததும் சொன்னேன். அவர் பிடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மலிவுச் சாமான், வழுக்குகிறது என்றார். மாமாவும் குனிந்து பார்த்து, ஆமாம், வழுக்குகிறது என்றார். சீட்டை இறக்கி இறுக்கினார்கள். நான்கு நாள் கழித்து மறுபடியும் மேலே ஏறியிருந்தது. மறுபடியும் வழுக்கல் என்றே முடிவானது.

நான் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் அலமாரியில் கிடந்த சிவப்பு நகச்சாயத்தை எடுத்து, சீட்டைத் தாங்கும் குழாயில், சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். இதுதான் என் அளவு என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்து, "நல்ல வேல செஞ்ச," என்றார். அதற்குப் பிறகு சீட் ஒழுங்காக இருந்தது. பள்ளி விட்டு வரும்போதெல்லாம் கோடு சரியான இடத்தில் நிற்கும். என் கோட்டுக்குச் சைக்கிள் பயந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் வேறு ஒன்றும் நடந்தது. வார நாட்களில், பள்ளி விட்டு வந்தால், மேசையில் சில நேரம் நிலக்கடலையும் சீனியும் வைத்து மடித்த அப்பம் பாலிக் இருக்கும். எனக்கு உயிர் அது. எங்கள் வரிசையில் அதை விற்பவர் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா கொடுத்தார் என்பார் அம்மா. சமைக்கும்போது வாய்க்குள் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். முகம் வெயிலில் கறுத்து, நன்றாக இருந்தார். நான் அப்பம் பாலிக்கைத் தின்றேன். அதற்கு மேல் எதையும் கவனிக்கவில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. மழை கட்டிக்கொண்டு வந்ததால் வேன்காரர் எங்களைச் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டார். மழைக்கு முன்னால் ஒரு சுற்று என்று, பையை வாசலிலேயே போட்டுவிட்டுச் சைக்கிளில் தாவி ஏறினேன். கோட்டைப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரு கார் வர, பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேன்.

முழங்கால் கிழிந்து, மோவாயில் மூன்று தையல். அம்மா ஓடி வந்து என்னைத் தூக்கினார். கிளினிக்கில் தையல் போட்டு முடிக்கும்வரை என் கையை விடவில்லை. "அம்மாதான் தப்பு, அம்மாதான் தப்பு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை விழுந்தால் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா தொழிற்சாலையிலிருந்து ஒரு தடித்த போல்ட்டும் நட்டும் கொண்டுவந்தார். கையால் மடக்கும் பிடியைக் கழற்றி எறிந்தார். சீட்டை என் கோட்டுக்கு இறக்கி, போல்ட்டை மாட்டி, ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அப்பாவும் அவருமாக முறுக்கினார்கள். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகும்வரை முறுக்கினார்கள். "இனிமே எந்த ஸ்பேனரும் இதைப் பிடிக்காது. ராஜாவே வந்தாலும் அசைக்க முடியாது," என்றார் மாமா. உண்மைதான். அடுத்த வருடம் நான் வளர்ந்தேன், சீட் வளரவில்லை. முழங்கால் ஹேண்டலில் இடிக்க இடிக்கக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விட்டுவிட்டேன். சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது. அப்பம் பாலிக் மேசைக்கு வருவதும் நான் விழுந்த வாரத்தோடு நின்றிருந்தது. கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்போது முடிவதில்லை என்றார் அம்மா.

போன மாதம், ஒலிபெருக்கி கட்டிய லோரியில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். நான் இப்போது வேலை செய்து தங்கியிருக்கும் கூலிமிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். துருப்பிடித்த சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "சீட்டு இரும்பு இல்ல தங்கச்சி, இத கழட்டிருவோம்," என்று அவர் சுத்தியலால் அந்த மழுங்கிய நட்டை இரண்டு அடி அடித்தார். துருப்பிடித்த வளையம் விண்டு போனது. சீட்டைக் குழாயோடு உருவி என் கையில் கொடுத்தார்.

என் சிவப்புக் கோடு மங்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே, இத்தனை வருடமும் சட்டத்துக்குள் மறைந்திருந்த பகுதியில், நான்கு விரற்கடை தள்ளி, இன்னொரு சிவப்புக் கோடு இருந்தது. அதே நகச்சாயம். வெயில் படாததால் நேற்றுப் போட்டது போல் பளிச்சென்று இருந்தது. சீட்டை அந்தக் கோடு வரை தூக்கினால் எவ்வளவு உயரம் வரும் என்று கையால் அளந்து பார்த்தேன். என் பக்கத்தில் வந்து நின்ற அம்மாவையும் பார்த்தேன்.

"அது என் அளவு," என்றார் அம்மா.

"எங்கம்மா போவீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மாதான். கடைத்தெரு வரைக்கும். சில நாள் பெரிய ரோடு வரைக்கும். ஒரு நாசி லெமாக் வாங்கி அங்கயே உக்காந்து சாப்பிடுவேன். உனக்கு அப்பம் பாலிக் வாங்கிட்டு, வேன் வர்றதுக்குள்ள வந்துருவேன்." பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடி குருண்ல எஸ்டேட்லருந்து பள்ளிக்கூடத்துக்கு நான்தான தம்பிய பின்னாடி வச்சு மிதிச்சிட்டுப் போவேன். அவனுக்கு மறந்திருச்சு," என்றார். குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, உள்ளே போகலாம் என்றார்.

வழுக்கும் சீட் கீழேதான் இறங்கும். மேலே ஏறாது. தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் இரண்டு ஆண்களும், கணக்கில் எப்போதும் முதலாவதாக வரும் நானும் இருந்த வீட்டில், இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

லோரி போன பிறகு எனக்கு நினைவு வந்தது மாமா நட்டை முறுக்கிய அந்த மாலைதான். அவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். தூறல் போட்டது. சைக்கிளை உள்ளே தள்ளி வைக்க அம்மா வந்தார். தள்ளுவதற்கு முன்னால் சீட்டின் அடியில் கையைக் கொடுத்து மேலே தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு தரம், இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். என் மோவாயில் கட்டு. நான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

"பாத்தீங்களாம்மா, கொஞ்சம்கூட அசையல!"

"ஆமாண்டி, அசையல," என்றார் அம்மா. என்னோடு சேர்ந்து சிரித்தார்.