முழங்கைக்குக் கீழே என் கை

என் மகளுக்கு ஒன்பது வயது. குழந்தையாக இருந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவளுடைய வலப்பக்கம் இறுகிப்போனது. காலை இழுத்து நடப்பாள். வலக்கை மடிந்து விலாவோடு ஒட்டியிருக்கும். மற்றபடி வாய் ஓயாத பிள்ளை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு சின்னக் கமராவைத் தந்தார். டீவிக்கு மேலே வைக்கவேண்டும். திரையில் மேலிருந்து மீன்கள் விழும்; மகள் முன்னால் நின்று வலக்கையைத் தூக்கினால் திரையில் ஒரு கூடை உயர்ந்து மீனைப் பிடிக்கும். கை எவ்வளவு உயர்கிறது, முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதைக் கமரா அளந்து, என் போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். எங்கள் ஊர் மாம்புரியிலிருந்து ஒவ்வொரு கிழமையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தேவையில்லை.

"அவ எவ்வளவு செய்யிறா எண்டு பார்க்கத்தான் இது, அம்மா," என்றார் மிஸ். "கூடச் செய்யவேணும் எண்டு இல்ல. குறைஞ்சாலும் எங்களுக்குத் தெரியவேணும். ஒருத்தரும் கிட்ட நிக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று இன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாது. நன்றாகவே விளங்கியது.

அந்த மாதம் பள்ளிவாசல்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மகள் பசியில் இடக்கையைச் சோற்றில் வைத்துவிட்டாள். என் கணவரின் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், பக்கத்தில் இருந்தார்.

"பீச்சக் கையாலயா புள்ள? சோத்துக் கையால எடுக்கப் பழகுங்க. உம்மா சொல்லித் தரல்லயா?"

அவர் கெட்ட மனுசி இல்லை. ஆனால் எதிரே இருந்த பெண் தட்டிலிருந்து தன் கையை எடுத்துவிட்டார். நான் மகளை எழுப்பி, ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், தனிப் பீங்கானில் ஊட்டினேன். அவள் கேட்டாள்: "நான் கை கழுவினேனே உம்மா?"

மறுநாள் பின்னேரம் விளையாட்டைத் தொடங்கினோம். கடல் பக்கத்து வெயில் கமராவைக் குழப்பும் என்பதால் ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தேன். மகள் கையைத் தூக்கினாள். நெஞ்சுயரம் வந்து நின்றுவிட்டது. மீன்கள் எல்லாம் அவளைத் தாண்டிக் கீழே போயின. அன்றைய அளவைக் காட்டிப் போனில் வந்த கோடு தரையோடு கிடந்தது.

நான் நேசரிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். எழுதத் தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுதவைப்பேன். தாய்மார் வந்து பார்க்கும்போது கொப்பியில் எழுத்து இருக்கும், எல்லோருக்கும் சந்தோசம். அந்தப் பழக்கத்தில் மகளுக்குப் பின்னால் போய் அவள் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். கமரா இரண்டு ஆட்களைக் கண்டு விளையாட்டை நிறுத்தியது. பிறகு முழங்காலில் நின்று, தலையை அவள் முதுகோடு மறைத்துக்கொண்டேன். அப்போது நிறுத்தவில்லை.

ஒரு மெஷினிடமிருந்து ஒளிந்துகொண்டபோதே நான் செய்வதை யோசித்திருக்க வேண்டும். தூக்கித் தூக்கிக் கை பழகிவிடும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடு ஏறத் தொடங்கியது. என் கணவர் கடலிலிருந்து வந்து சாரத்தை உதறிக்கொண்டே கேட்பார்: "மக, இன்டைக்கு எத்தின கிலோ?"

"கூடை நெறஞ்சிட்டு வாப்பா!"

"எனக்குப் படாத மீனெல்லாம் எங்கட மகளுக்கு டீவியில படுது. நாளைக்கு நீங்க போட்டில போங்க, நான் வீட்ட நிக்கிறன்."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதத்தில் மிஸ் குரல் செய்தி அனுப்பினார். நல்ல முன்னேற்றமாம். தசை இறுக்கத்தைத் தளர்த்தப் போடும் ஊசி இந்த முறை தேவையில்லை என்று டொக்டர் சொல்கிறாராம். கை மடியாமல் இருக்கக் கட்டும் அச்சையும் குறைந்த நேரம் கட்டினால் போதுமாம். அந்தக் குரலைக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். ஏறிய கோட்டோடு சேர்த்து அவருடைய ராத்தாவுக்கும் அனுப்பினேன். ராத்தாவுக்கு அனுப்பியதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆறு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனோம். மிஸ் ஒரு மஞ்சள் பந்தை உயரப் பிடித்தார்.

"எங்க, தொடுங்க பார்ப்பம்."

மகள் கையைத் தூக்கினாள். நெஞ்சுயரம் வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் அசையாமல் இருந்தேன்.

"வீட்டில நல்லாச் செய்யிறீங்கதானே? இங்க வந்தா மட்டும் சோம்பலோ?" மிஸ் செல்லமாகத்தான் கேட்டார்.

"வேனில தூங்கிட்டா மிஸ். களைப்பு," என்றேன்.

மகள் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். வாய் ஓயாத பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. சோம்பேறி என்ற பேரை அவள் எனக்காக எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை.

"மிஸ், நான்தான் தூக்கினது. எல்லா நாளும்."

மிஸ் பந்தை மேசையில் வைத்தார். "ஏன் அம்மா?" என்றார். கல்யாண வீட்டு மூலையைப் பற்றி எப்படிச் சொல்வது? "தெரியா," என்றேன்.

"நீங்க தூக்கினதால கை கெட்டுப்போகல்ல. ஆனா எங்களுக்கு அவட கை தெரியாமப் போச்சு. நாங்க ஆறு மாசமா உங்கட கையைத்தான் பார்த்திருக்கிறம்."

டொக்டர் வந்து முழங்கையை மெதுவாக நிமிர்த்தினார். முன்பு நிமிர்ந்த அளவுக்கு இப்போது நிமிரவில்லை. மகள் பல்லைக் கடித்தாள். ஊசி போட்டு, சில கிழமைகள் மாவுக்கட்டும் போடவேண்டும் என்றார். பழைய அளவுக்கு வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"முதல்லயே ஊசி போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லேலாது," என்றார்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மகள் இருந்த அறைப்பக்கம் பார்த்துவிட்டு, "ஆறு மாசமா என்னட்ட ஒன்டும் சொல்லல்லயே அவ," என்றார். "நான் கிலோக் கேட்டுக் கேட்டுச் சிரிச்சிருக்கன்."

மாவுக்கட்டு கழற்றிய பிறகு, போன கிழமை மறுபடி கமராவை வைத்தோம். நான் வழக்கம்போல ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, சுவரோரம் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"உம்மா, நீங்க வெளிய போங்க."

"நான் தொட மாட்டன் மக. இங்கதான் இருப்பன்."

"நீங்க இருந்தா எனக்குத் திரும்பிப் பார்க்க வருது. போங்க. கதவையும் சாத்துங்க."

கதவைச் சாத்திவிட்டுக் குசினி வாசலில் நின்றேன். மீன் தவறிப்போகும்போது அந்த விளையாட்டு தண்ணீரில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம் போடும். அது திரும்பத் திரும்பக் கேட்டது. நடுவில் அவள் தனக்குத்தானே, "சரி, அடுத்தது வரட்டும்," என்றாள். மறுபடி அதே சத்தம்.

இருபது நிமிடம் முடிந்ததும் போனில் கோடு வந்தது. தரையிலிருந்து கொஞ்சம்தான் மேலே. ராத்தாவுக்கு அதை அனுப்பினேன். கீழே எழுதினேன்: இது அவ செய்தது. முந்தி அனுப்பினது நான் தூக்கினது.